நீரிறைக்கும் இயந்திரத்தின் இறப்பர்த் துருத்தி: தேய்ந்தால் மாற்றுவது எப்படி?

சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு விவசாயக் குடும்பத்துக்கு முதலில் வேண்டியவை எவை என்று கேட்டால், கூரை, கிணறு, நீரிறைக்கும் இயந்திரம் என்ற மூன்றையும் சொல்வார்கள். கூரையைப் பற்றியும் கிணற்றைத் துப்புரவாக்குவதைப் பற்றியும் பலர் பேசுகிறார்கள். இயந்திரத்தைப் பற்றி, அது நின்றுபோன பின்னரே பேச்சு வருகிறது. அப்போது வெங்காயம் வாடத் தொடங்கியிருக்கும்.

நாமும் இந்தப் பிழையைச் செய்தவர்கள்தாம். மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தில் ஐந்து குடும்பங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இயந்திரங்களைக் கொடுத்தோம். கையளிக்கும்போது படம் எடுத்தோம், பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கினோம். எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஓர் உதிரிப்பாகமும் கொடுக்கவில்லை. இரண்டாம் போகத்தில் ஒரு தாயார் நம்மைத் தேடி வந்தார். கணவனை இழந்தவர், அரை ஏக்கரில் வெங்காயம் நட்டிருந்தார். "பாதர், மெசின் ஓடுது, தண்ணி வரேல்லை" என்றார். அயலூர்த் திருத்துநர் ஒருவர் பார்த்துவிட்டு எஞ்சினே பழுது, புதிதாக வாங்குவதுதான் வழி என்று சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தபோது எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இறப்பர் உறுப்புக் கிழிந்திருந்தது. அதை வாங்கிப் பூட்ட ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. ஆனால் அதற்கிடையில் ஆறு நாட்கள் கடந்துவிட்டன. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் காணவேண்டிய பயிரில் பாதி போய்விட்டது.

அந்தச் சிறு உறுப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

துருத்தி என்பது என்ன?

கொல்லன் பட்டறையில் உலைக்குக் காற்று ஊதும் துருத்தியை அறிவீர்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும். நீளும், சுருங்கும், ஆனால் காற்று வெளியே கசியாது. இறப்பரிலும் இவ்வாறான துருத்திகளைச் செய்து இயந்திரங்களில் பயன்படுத்துகிறார்கள். அசையவேண்டிய ஓரிடத்தில் தண்ணீர் புகாமல் தடுப்பதே அவற்றின் வேலை.

இதற்கு நல்ல உதாரணம் மேல்நாடுகளில் ஓடும் ஒருவகை இயந்திரப் படகு. எஞ்சின் படகின் உள்ளே பின்பக்கத்தில் இருக்கும். சுழலும் காற்றாடியைக் கொண்ட 'கால்' வெளியே தண்ணீரில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு படகின் பின்பலகையில் உள்ள துவாரத்தினூடாகச் செல்லும். வொல்வோ பென்ரா நிறுவனம் 1959 இல் இவ்வகையை 'அக்குவாமற்றிக்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கால் இடமும் வலமும் திரும்பவேண்டும், மேலே தூக்கப்படவும் வேண்டும். ஆனால் துவாரத்தினூடாகக் கடல்நீர் உள்ளே வரக்கூடாது. ஆகவே அந்தத் தண்டின் மூட்டைச் சுற்றி ஓர் இறப்பர்த் துருத்தியைப் பூட்டினார்கள். அது வெடித்தால் முதலில் மூட்டும் பேரிங்கும் துருப்பிடிக்கும். கவனியாமல் விட்டால் நிறுத்திவைத்த இடத்திலேயே படகு தாழவும் கூடும். அதனால்தான் அப்படகுக்காரர்கள் ஆண்டுதோறும் படகைக் கரையேற்றித் துருத்தியின் மடிப்புகளை விரித்துப் பார்க்கிறார்கள். வெடிப்புத் தெரிந்தால் முழுதாகக் கிழியும்வரை காத்திராமல் மாற்றிவிடுகிறார்கள்.

எமது தோட்டக் கிணற்றடியில் உள்ள இயந்திரத்திலும் இதே கதைதான். எஞ்சினின் தண்டு நேராகப் பம்பின் வயிற்றுக்குள் செல்கிறது. அதன் நுனியில் இம்பெல்லர் எனப்படும் விசிறிச் சக்கரம் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் தண்ணீர். தண்டு சுழலவும் வேண்டும், தண்ணீர் கசியாமலும் இருக்கவேண்டும். இதைச் செய்வது கடைக்காரர்கள் 'வோட்டர் சீல்' அல்லது 'மெக்கானிக்கல் சீல்' என்று கூறும் உறுப்பு.

அந்தச் சீல் இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒரு பாதி, பீங்கான் போன்ற வெள்ளை வளையம்; அதன் அடியில் ஓர் இறப்பர்க் கிண்ணம் இருக்கும். மற்றப் பாதி, கறுப்புக் கரி வளையம். அதன் பின்னால் இறப்பர்த் துருத்தியும் ஒரு ஸ்பிறிங்கும் இருக்கும். ஒரு வளையம் சுழலும், மற்றது அசையாது நிற்கும். ஸ்பிறிங் இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். கரி வளையம் சிறிது சிறிதாகத் தேயத் தேயத் துருத்தி நீண்டு இடைவெளியை நிரப்பும். இரண்டு முகங்களுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படை ஒன்று நிற்கும். எண்ணெயின் வேலையையும் குளிர்விக்கும் வேலையையும் அந்த நீரே செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதில் விளங்கும்.

ஏன் பழுதாகிறது?

முதலாவது, தண்ணீரில்லாமல் ஓடவிடுவது. பம்பின் வயிற்றில் தண்ணீர் ஊற்றாமல் இயக்கினால் இரு முகங்களும் உலர்ந்து உரசும். சிறிது நேரத்திலேயே அவை கடுமையாகச் சூடேறும். வெள்ளை வளையம் வெடிக்கும். இறப்பர் கருகி இறுகும். கிணறு வற்றிக் குழாய் காற்றை இழுக்கத் தொடங்கிய பின்பும் ஓடவிட்டால் இதேதான் நடக்கும்.

இரண்டாவது, மணல். கிணற்றின் அடிமணலையோ வெள்ளம் வடிந்தபின் நிற்கும் சேற்றுநீரையோ இறைக்கும்போது மணற்பொடி முகங்களுக்கிடையில் புகுந்து கீறும். கீறல் விழுந்த முகம் தண்ணீரை மறிக்காது.

மூன்றாவது, ஓடாமல் கிடப்பது. இடம்பெயர்ந்தவர்களின் இயந்திரங்களில் இதுவே பெரிதும் காணப்படுவது. ஓடும்போது இயந்திரத்தை எங்காவது ஒப்படைத்துவிட்டோ சாக்கில் சுற்றிப் புதைத்துவிட்டோ போகிறோம். திரும்பி வரும்போது மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் சென்றிருக்கும். உள்ளே நின்ற தண்ணீர் வற்றி, சுண்ணாம்பு படிந்து, இரு வளையங்களையும் ஒட்ட வைத்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் இந்தப் படிவு அதிகம். திரும்பிய மகிழ்ச்சியில் கயிற்றை ஓங்கி இழுத்தால், ஒட்டிய வளையம் அசையாது. துருத்திதான் முறுகிக் கிழியும்.

நான்காவது, எண்ணெய். இயற்கை இறப்பரும் வேறு சில வகை இறப்பரும் மண்ணெண்ணெய், பெற்றோல், கிறீஸ் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். 'இறுகியிருக்கிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் பூசுவோம்' என்று செய்வது நோயாளிக்கு நஞ்சு கொடுப்பது போன்றது.

ஐந்தாவது, முதுமை. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839 இல் சாள்ஸ் குட்இயர் கண்டுபிடித்தார். 1876 இல் இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பகாவுக்கு அண்மையில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இவ்வளவு காலம் பழகிய பொருளாயினும் அதற்கும் ஆயுள் உண்டு. வெயிலும் வெப்பமும் காற்றும் பட்டு அது வெடிக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை மடித்துப் பார்த்தால் தெரியும் நுண்ணிய கீறல்கள்தாம் துருத்தியின் மடிப்பிலும் தோன்றும்.

அறிகுறிகள்

எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில், அடிப்பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் காண்பீர்கள். சீல் பழுதானால் தண்ணீர் அந்த வழியால் சொட்டும். முதலில் துளி துளியாக, பின்னர் நூல்போல ஒழுகும். கசியும் சீல், தண்ணீர் இழுக்கத் தொடங்கும் வேளையில் காற்றையும் உள்ளே விடும். அதனால் தண்ணீர் ஏறத் தாமதமாகும், அல்லது ஏறாமலே போகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் வீணாகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது இந்த வீண்செலவின் கனம் எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த இடைவெளியைச் சீலையாலோ கிறீஸாலோ ஒட்டும் பசையாலோ அடைக்காதீர்கள். பலர் அப்படிச் செய்து 'ஒழுக்கு நின்றுவிட்டது' என்று ஆறுதல் அடைகிறார்கள். ஒழுக்கு நிற்கவில்லை, வழி மாறியிருக்கிறது. வெளியேற இடமில்லாத நீர் தண்டு வழியே எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். அதோடு ஓடவிட்டால் பேரிங்குகள் அழியும். அப்போது 'எஞ்சின் பழுது' என்ற சொல் உண்மையாகிவிடும்.

புதியதை வாங்கும்போது

பழைய சீலின் இரண்டு பாதிகளையும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். தண்டின் தடிப்பு, சீலின் வெளிவிட்டம், உயரம் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும். இயந்திரத்தின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாதியை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த முகத்தோடு புதிய முகம் ஒட்டாது. புதிய இறப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் உடனே எழவேண்டும், வெடிப்பு இருக்கக்கூடாது. நீண்டநாள் வெயில்படும் கண்ணாடி அலுமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். முடியுமானால் இரண்டாக வாங்கி ஒன்றை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

1990 களில் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாகியிருந்த காலத்தை வடக்கில் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கிடைத்ததை வெட்டிப் பூட்டிச் சமாளித்தோம். கிணற்றுக் குழாயின் அடிவால்வுக்கு லொறி ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் அது வேலை செய்யும். அது வெறுமனே திறந்து மூடும் மூடி. சுழலும் தண்டில் அந்த வித்தை பலிக்காது.

மாற்றும் முறை

வேண்டியவை: ஸ்பனர்கள், திருப்புளி, மரச்சுத்தியல் அல்லது மரக்கட்டை, சவர்க்காரத் தண்ணீர், சுத்தமான உலர்ந்த துணி, போல்ட்டுகளைப் போட ஒரு சிரட்டை. கீழே விரிக்க ஒரு சாக்கு இருந்தால் நல்லது. மணலில் விழுந்த வொஷரைத் தேடுவதில் அரைநாள் போய்விடும்.

1. எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள். பிளக்கின் வயரைக் கழற்றி விலக்கி வையுங்கள். தற்செயலாக எஞ்சின் இயங்கிக் கைக்குச் சேதம் வராதிருக்க இது கட்டாயம். எரிபொருள் குழாயைப் பூட்டுங்கள். பம்பின் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

2. பம்பின் முன்மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மூடி இறுகியிருந்தால் மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். திருப்புளியைச் செருகி நெம்பினால் கஸ்கற் இருக்கும் தளத்தில் காயம் விழும். பின்னர் அங்கே கசியும்.

3. உள்ளே நத்தையோட்டு வடிவில் ஒரு கூடு இருக்கும். அது எந்தப் பக்கமாக இருந்தது என்று பார்த்துக்கொண்டு கழற்றுங்கள். இப்போது இம்பெல்லர் தெரியும்.

4. பெரும்பாலான சிறு இயந்திரங்களில் இம்பெல்லர் நேரடியாகத் தண்டில் திருகப்பட்டிருக்கும். அதை நேராகப் பார்த்தபடி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். ஓடும் ஒவ்வொரு தடவையும் அது மேலும் இறுகுவதால் கையால் கழலாது. எஞ்சினின் மறுபக்கத்துக் கயிற்றுப்பெட்டியைக் கழற்றி, ஒருவர் அங்குள்ள சக்கரத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் இம்பெல்லரின் தடித்த இதழில் மரக்கட்டையை வைத்து ஒரே உறுதியான தட்டுத் தட்டவேண்டும். பலமுறை மெதுவாகத் தட்டுவதிலும் இது பயன்தரும். இரும்பால் அடித்தால் இதழ் உடையும்.

5. இம்பெல்லருக்குப் பின்னால் மெல்லிய வொஷர்கள் இருந்தால் எண்ணிச் சிரட்டையில் போடுங்கள். இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிப்பவை அவை. ஒன்று தவறினாலும் உரசும், அல்லது இழுவை குறையும்.

6. சீலின் ஒரு பாதி இம்பெல்லரின் முதுகிலோ தண்டிலோ இருக்கும். மறுபாதி பம்பின் பின்மூடியில் அமர்ந்திருக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும். எப்பாதி எங்கே, எந்த முகம் எப்பக்கம் என்று ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். பின்மூடியைக் கழற்றி, பின்புறமாக மரத்துண்டால் தள்ளிப் பழைய பாதியை வெளியே எடுங்கள்.

7. இருப்பிடத்தில் படிந்த சுண்ணாம்பை மரச்சில்லால் சுரண்டுங்கள். தண்டில் துரு இருந்தால் நுண்ணிய எமறித்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். எஞ்சின் பக்கத்து ஒயில் சீலையும் பாருங்கள். அங்கே ஒயில் கசிந்தால் அதையும் மாற்றுங்கள்.

8. புதிய சீலின் இறப்பர்ப் பகுதியில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயோ கிறீஸோ வேண்டாம். விரலால் சரிவு இல்லாமல் அழுத்தி அமர்த்துங்கள். விரலுக்கு அடங்காவிட்டால் ஓரத்தில் மட்டும் பொருந்தும் குழாய்த்துண்டு ஒன்றை வைத்து அழுத்தலாம். வெள்ளை வளையத்தைச் சுத்தியலால் ஒருபோதும் தட்டாதீர்கள். வழவழப்பான இரு முகங்களும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். அவற்றில் விரல் படாதிருக்கட்டும். பட்டால் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு மணற்பொடி போதும் எல்லா வேலையையும் வீணாக்க.

9. வொஷர்களை முன்போல இட்டு இம்பெல்லரைக் கையால் திருகி இறுக்குங்கள். ஸ்பிறிங் அமுங்குவது கைக்குத் தெரியும். கூட்டைப் பூட்டிக் கயிற்றை மெதுவாக இழுத்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு கஸ்கற்றை வைத்து மூடிப் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

10. பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விடுங்கள். இடைவெளியில் சொட்டு இல்லையென்றால் பிளக் வயரைப் பூட்டி இயக்கலாம். முதல் சில நிமிடங்களில் ஓரிரு துளி வந்து நிற்கலாம். தொடர்ந்து வந்தால் வளையம் சரிந்து அமர்ந்திருக்கிறது; மீண்டும் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் ஒயில் நிறம் மாறியிருந்தால் இயக்குவதற்கு முன்னரே மாற்றுங்கள். சிறிது நேரம் ஓடியபின் மறுபடியும் மாற்றுங்கள்.

நீண்டநாள் கிடந்த இயந்திரத்தை எடுத்தால்

உடனே கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள். பம்பில் தண்ணீர் ஊற்றி ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் சீல் தப்பக்கூடும். அசையாவிட்டால் பலம் காட்டாமல் மேலே சொன்னபடி கழற்றுங்கள். மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலோ போகம் முடிந்து வைக்கும்போதோ, பம்பிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடித்து உலர்த்துங்கள். இடையிடையே யாராவது ஒருவர் தண்டைச் சிறிது அசைத்துவிட்டாலே வளையங்கள் ஒட்டமாட்டா.

உயிரைப் பற்றிய ஒரு சொல்

கோடையில் நீர்மட்டம் தாழும்போது 'இயந்திரம் இழுக்கவில்லை, சீல் போய்விட்டது' என்று எண்ணுவதுண்டு. ஆனால் எந்தப் பம்பும் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை இழுக்கத் திணறும். அது இயற்கையின் எல்லை. காற்றின் அமுக்கத்தால் மட்டுமே நீர் குழாயில் மேலேறுகிறது. இதற்காக எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் ஒன்றாக மடிந்த துயரங்கள் நடந்திருக்கின்றன. ஒரு போகம் போனாலும் அடுத்த போகம் உண்டு.

கூட்டாகச் செய்யக்கூடியவை

ஓர் இயந்திரத்தைப் பல குடும்பங்கள் பாவிக்கும் இடத்தில், அது எல்லோருடையதாகவும் இருக்கும், ஒருவருடையதாகவும் இராது. ஆகவே இயந்திரத்தோடு ஒரு கொப்பியை வையுங்கள். ஒயில் மாற்றிய நாள், சீல் மாற்றிய நாள், யார் எடுத்தார், எப்போது சொட்டுக் கண்டார் என்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு முறை இறைக்கும்போதும் சிறு தொகையைச் சேர்த்தால் உதிரிச் சீலுக்குக் கடன்பட வேண்டியிராது. அடிவால்வின் வலையைக் கிணற்றின் அடியில் படியவிடாமல் சற்று உயர்த்திக் கட்டுங்கள். இருவராவது கழற்றிப் பூட்டப் பழகுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் கூலி வேலைக்குப் போயிருக்கும் பகலிலேயே பெரும்பாலும் இயந்திரம் நிற்கிறது.

மேலே சொன்ன தாயார் இன்று தம் பகுதியில் சீல் மாற்றத் தெரிந்தவர். அடுத்த போகத்துக்கு முன் நம்மிடம் வந்து, கழற்றுவதைத் தாமே செய்து பழகினார். சோற்று மிளகாய் போட்டுவைக்கும் ஒரு பழைய போத்தலில் உதிரிச் சீல் ஒன்று அவர் வீட்டில் எப்போதும் இருக்கிறது. நாம் இப்போது இயந்திரம் கொடுக்கும் இடமெல்லாம் இரண்டு சீல்களையும் ஒருநாள் பயிற்சியையும் சேர்த்தே கொடுக்கிறோம். அவர் இழந்த பாதி வெங்காயத்தில் நாம் கற்ற பாடம் அது.

இந்தப் பக்கங்களை இயந்திரத்தின் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். இன்று மாலை இறைத்து முடிந்ததும், எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியைக் குனிந்து ஒருமுறை பாருங்கள்.